லேபிள் கீழே போகப் போக விலகுவது ஏன்? வேர்டில் முகவரி அச்சிடும் முழு முறை

கேள்வி இதுதான். எக்செல்லில் சில நூறு முகவரிகள் இருக்கின்றன. 21 லேபிள் கொண்ட ஏ4 ஒட்டுத்தாளில் வேர்டு வழியாக அச்சிட வேண்டும். முதல் வரிசை சரியாக விழுகிறது. ஏழாவது வரிசைக்கு வரும்போது எழுத்து லேபிளின் ஓரத்தைத் தாண்டிவிடுகிறது. நீளமான முகவரிகளில் கடைசி வரி காணாமல் போகிறது. அஞ்சல் குறியீட்டின் முன்னால் இருந்த பூச்சியமும் விழுந்துவிடுகிறது. எங்கே தவறு?

மூன்றும் வெவ்வேறு இடத்துக் கோளாறுகள். விலகல் என்பது தாளின் அளவு அல்லது அச்சுப்பொறியின் அமைப்பு பற்றியது. வரி காணாமல் போவது பத்தி இடைவெளியால். பூச்சியம் தொலைவது எக்செல்லில், வேர்டைத் திறப்பதற்கு முன்பே. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றில் கைவைத்தால் குழப்பம் கூடும். "எழுத்து வெளியே போகிறதே" என்று எழுத்துருவைச் சுருக்குவது பலரும் செய்யும் தவறு. இடம் பிசகிய எழுத்து, சிறியதானாலும் பிசகிய இடத்தில்தான் விழும்.

வேர்டைப் பொறுத்தவரை லேபிள் பக்கம் என்பது ஓர் அட்டவணை மட்டுமே. ஒவ்வொரு லேபிளும் ஒரு கட்டம். இரண்டு லேபிளுக்கு நடுவே தாளில் சிறிய சந்து இருந்தால், அதற்கும் ஒல்லியான வெற்று நெடுவரிசை ஒன்று இருக்கும். வரிசையின் உயரம் 'எக்ஸாக்ட்லி' என்று பூட்டப்பட்டிருக்கும். இந்தப் பூட்டுதான் லேபிளின் உயிர். அது 'அட் லீஸ்ட்' என்று மாறிவிட்டால், ஒரு நீளமான முகவரி தன் வரிசையை நீட்டி, அதற்குக் கீழே உள்ள எல்லா வரிசைகளையும் தள்ளிவிடும். பூட்டு இருக்கும்போது அதே முகவரி தன் கட்டத்துக்குள்ளேயே வெட்டுப்படும். சேதம் ஒரு லேபிளோடு நிற்கும்.

தாளின் எண்ணும் அளவும்

லேபிள் தாளின் உறையில் ஓர் எண் இருக்கும். மெயிலிங்ஸ் பட்டையில் லேபிள்ஸ், அதில் ஆப்ஷன்ஸ் திறந்து, நிறுவனத்தையும் அந்த எண்ணையும் தேர்ந்தெடுத்தால் அளவுகள் தானாக வந்துவிடும். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஏவரி போன்ற நிறுவனத்தின் பெயர் பட்டியலில் ஒருமுறைக்கு மேல் வரும்: அமெரிக்க லெட்டர் தாளுக்குத் தனி, ஏ4 மற்றும் ஏ5 தாளுக்குத் தனி. இரண்டு, மேலே 'பேஜ் பிரிண்டர்ஸ்' தேர்வாகியிருக்க வேண்டும். தொடர்தாள் பிரிண்டருக்கான தேர்வு விழுந்திருந்தால் வேறொரு பட்டியல் தெரியும். உங்கள் எண் அதில் இருக்காது.

பெயரில்லாத அல்லது மலிவான தாள்கள் பலவற்றின் உறையில், எந்தப் பிரபல எண்ணுக்கு இணையானவை என்பது அச்சாகியிருக்கும். 21 லேபிள் கொண்ட ஏ4 தாளுக்குப் பரவலான எண் எல்7160. அதன் அளவு மனப்பாடமாக இருந்தால் நல்லது: லேபிள் அகலம் 63.5 மி.மீ., உயரம் 38.1 மி.மீ., குறுக்கே 3, கீழாக 7. ஏழு வரிசைக்கும் சேர்த்து உயரம் 266.7 மி.மீ.; ஏ4 தாளின் உயரமான 297-ல் மிஞ்சுவது 30.3; ஆக மேலே 15.15, கீழே 15.15. குறுக்கே லேபிள்களுக்கு இடையில் சுமார் 2.5 மி.மீ. சந்து உண்டு. பக்க ஓரம் ஏறத்தாழ 7.2 மி.மீ. அமெரிக்க லெட்டர் தாளில் இதற்கு இணையாகப் புழங்குவது 5160: 30 லேபிள், ஒவ்வொன்றும் 1 அங்குல உயரம், 2⅝ அங்குல அகலம், குறுக்கே 3, கீழாக 10, மேல் ஓரம் அரை அங்குலம்.

உறை தொலைந்துபோய் எண்ணே தெரியாவிட்டால் அளவுகோலை எடுக்க வேண்டியதுதான். அதே ஆப்ஷன்ஸ் பெட்டியில் 'நியூ லேபிள்' அழுத்தினால் மேல் ஓரம், பக்க ஓரம், செங்குத்துப் பிட்ச், கிடைப் பிட்ச், லேபிள் உயரம், அகலம், குறுக்கே எத்தனை, கீழாக எத்தனை, தாளின் அளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இதில் பலரும் தடுமாறுவது பிட்ச் என்ற சொல்லில். பிட்ச் என்பது ஒரு லேபிளின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த லேபிளின் மேல் விளிம்பு வரையுள்ள தூரம்; கிடைப் பிட்ச் என்றால் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்பு வரை. லேபிளின் உயரத்தோடு சந்தையும் சேர்த்தது அது. சந்து இல்லாத திசையில் பிட்சும் லேபிள் அளவும் ஒன்றே. எல்7160-ல் செங்குத்துப் பிட்ச் 38.1, கிடைப் பிட்ச் 66.04. கிடைப் பிட்சுக்கு 63.5 என்று போட்டால் இரண்டாவது நெடுவரிசை 2.5 மி.மீ., மூன்றாவது 5 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

பிட்சை ஒரு லேபிளை மட்டும் அளந்து எழுதாதீர்கள். முதல் லேபிளின் மேல் விளிம்பிலிருந்து கடைசி லேபிளின் மேல் விளிம்பு வரை அளந்து, இடையிலுள்ள படிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஏழு வரிசைக்கு 6 படி. ஒரு லேபிளில் 0.3 மி.மீ. பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. ஏழாவது வரிசையில் அது 1.8 மி.மீ. ஆகியிருக்கும். பத்து வரிசைத் தாளில் 2.7. மொத்தத்தை அளந்து வகுத்தால் அதே 0.3 பிசகு ஆறாகப் பங்கிடப்பட்டு ஒன்றுமில்லாமல் போகும்.

எண்களைப் போட்டதும் 'ஓரமும் லேபிளும் சேர்ந்து தாளைவிடப் பெரிதாகின்றன' என்ற பொருளில் வேர்டு மறுக்கலாம். கூட்டிப் பாருங்கள். 24 லேபிள் கொண்ட, ஓரமே இல்லாத 70-க்கு 37 மி.மீ. தாளில் இது அடிக்கடி வரும்: 37 × 8 = 296, தாள் 297; உள்ளே நிற்கும். யாராவது 37.2 என்று அளந்து போட்டால் 297.6, வேர்டு ஏற்காது. அளவு அங்குலத்தில் தெரிந்தால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, டிஸ்ப்ளே என்று போய் அலகை மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு மாற்றி முழுமையாக்கும்போதுதான் பல பிசகுகள் பிறக்கின்றன.

எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும்

38.1 மி.மீ. என்பது, எழுத்தளவுக்கான அலகான பாயின்ட் கணக்கில், சரியாக 108 பாயின்ட். மேலும் கீழும் 3 மி.மீ. விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 91 பாயின்ட். வரி ஒன்றுக்கு 15 பாயின்ட் என்று பூட்டினால் 6 வரி நிற்கும்.

இப்போது வேர்டு இயல்பாக என்ன செய்கிறது என்று பாருங்கள். 2013-க்குப் பிந்தைய வேர்டில் நார்மல் பாணியில் ஒவ்வொரு பத்திக்கும் பின்னால் 8 பாயின்ட் இடைவெளி, வரி இடைவெளியும் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு என்டரும் ஒரு புதிய பத்தி. 11 பாயின்ட் எழுத்தில் ஒரு வரி 23, 24 பாயின்ட் வரை தின்றுவிடும். ஐந்து வரி முகவரிக்கு 115-க்கு மேல். கட்டத்தின் உயரமோ 108. கடைசி வரி எங்கே போயிற்று என்பதற்கு இதுதான் விடை. வெட்டுப்பட்டு மறைந்திருக்கிறது, அழியவில்லை.

ஆகவே அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, பத்தி அமைப்பில் முன், பின் இடைவெளி இரண்டையும் 0 ஆக்குங்கள். வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' ஆக்கி அளவைத் தாருங்கள். தமிழுக்கு இங்கே கொஞ்சம் தாராளம் வேண்டும். ஆங்கிலத்தில் 10 பாயின்ட் எழுத்துக்கு 12 போதும். தமிழில் மேலே புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும், கீழே உகர, ஊகார வால்களும் இருப்பதால் 12-ல் தலை வெட்டுப்படும். 10 பாயின்ட் தமிழுக்கு 14 அல்லது 15 என்று வைத்து, 'ஞீ', 'த்தூ', 'ணூ' போன்ற எழுத்துகள் வரும் ஒரு வரியை அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். திரையில் வெட்டுப்பட்டது போலத் தெரிவது தாளில் சரியாக வருவதும் உண்டு. தீர்ப்பு தாளுடையது.

தமிழுக்கென்றே இன்னொரு சிக்கல். வேர்டு தமிழைச் சிக்கல் வரிவடிவமாக நடத்துகிறது. அதற்கென எழுத்துருவும் அளவும் தனியாக வைத்திருக்கிறது. கன்ட்ரோல், டி அழுத்தித் திறக்கும் பெட்டியில் (ஆபிஸ் தொகுப்பின் மொழி அமைப்பில் தமிழ் சேர்க்கப்பட்டிருந்தால்) 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தனிப் பகுதி தெரியும். மேலே மட்டும் 10 என்று மாற்றி, அங்கே பழைய அளவை விட்டுவைத்தால், எக்செல் பட்டியலை வேர்டோடு இணைத்த (மெயில் மெர்ஜ்) பிறகு ஆங்கில எழுத்தும் எண்ணும் ஓர் அளவிலும் தமிழ் வேறு அளவிலும் வரக்கூடும். இரண்டிலும் ஒரே எழுத்துருவையும் அளவையும் கொடுத்துவிடுங்கள். நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருக்களில் ஒன்று போதும்.

அகலத்தில் 3 மி.மீ. இடமும் வலமும் விட வேண்டும். அதற்கு இடைவெளிப் பொத்தானைத் தட்டாமல் அட்டவணை அமைப்பில் கட்ட ஓரத்தையோ பத்தியின் உள்தள்ளலையோ பயன்படுத்துங்கள். கட்டத்தின் சீரமைப்பை இடம், நடு என்று வைத்தால் மூன்று வரி முகவரியும் ஆறு வரி முகவரியும் லேபிளின் நடுவில் நிற்கும். பிரிண்டர் ஒரு மி.மீ. இழுத்துப் போட்டாலும் உறுத்தாது. முகவரி வரிகளை நடுச்சீரமைப்பில் போடுவது அழகென்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணும் அஞ்சல் பிரிப்பு இயந்திரமும் தேடுவது நேரான இடது விளிம்பை. வெளிநாட்டுக்கு அனுப்பினால் நாட்டின் பெயர் கடைசி வரியில் தனியாக நிற்க வேண்டும்.

அட்டவணை அமைப்பின் ஆப்ஷன்ஸில் 'உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாற்று' என்ற பொருளுள்ள குறி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இடைவெளி இல்லாத நீளமான சொல் ஒன்று நெடுவரிசையையே அகலப்படுத்திவிடும்.

எக்செல் பக்கம்

முதல் வரிசையில் தலைப்புகள்: பெயர், வீட்டு எண், தெரு, பகுதி, ஊர், குறியீடு என்று ஒவ்வொன்றும் தனி நெடுவரிசை. முழு முகவரியையும் ஒரே கட்டத்தில் அடைத்து வைத்தால் பின்னால் ஊர்வாரியாக வரிசைப்படுத்தவும் முடியாது, வரிகளைப் பிரிக்கவும் முடியாது. தலைப்புக்கு மேலே 'உறுப்பினர் பட்டியல்' என்ற அலங்கார வரி இருந்தால் அழித்துவிடுங்கள். வேர்டு அதைத்தான் தலைப்பென்று எடுத்துக்கொள்ளும்.

வேர்டு எக்செல்லிலிருந்து எடுப்பது மதிப்பை மட்டும். கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை அல்ல. குறியீட்டு நெடுவரிசை எண்ணாக இருந்தால் 01234 என்பது உள்ளே 1234 தான். எண் வடிவமைப்பு கொடுத்து எக்செல்லில் பூச்சியத்தை வரவழைத்தாலும் வேர்டில் அது வராது. நெடுவரிசையை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கி, அதற்குப் பிறகு தட்டச்சு செய்ய வேண்டும். ஏற்கெனவே தட்டிவிட்டதை டெக்ஸ்ட் ஆக்கினால் தொலைந்த பூச்சியம் திரும்பாது. பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, டெக்ஸ்ட் சார்பில் "00000" போன்ற வடிவத்தைக் கொடுத்து, அந்த நெடுவரிசையை இணையுங்கள்.

வீட்டு எண் இதைவிட மோசமான கண்ணி. 3/12 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். பட்டியல் முழுவதும் வெறும் எண்களாக இருந்து, நடுவில் ஒன்று மட்டும் '14-ஏ' என்று இருந்தாலும் தொல்லைதான். வேர்டு எக்செல்லைப் படிக்கும்போது முதல் சில வரிசைகளை வைத்து 'இது எண் நெடுவரிசை' என்று ஊகித்துவிடும். அதற்குப் பொருந்தாத '14-ஏ' காலியாகவோ 0 என்றோ வந்து நிற்கும். இதற்கும் மருந்து ஒன்றே: தட்டச்சுக்கு முன் முழு நெடுவரிசையையும் டெக்ஸ்ட் ஆக்குவது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் வேர்டுக்கு வரும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எக்செல்லின் எழுத்துரு கூடவே வராது என்பதுதான் காரணம். அவசரத்துக்கு வேர்டிலும் அதே எழுத்துருவைக் கொடுத்து ஒப்பேற்றலாம். ஒழுங்கான வழி பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது. காற்புள்ளி பிரித்த கோப்பாக (சிஎஸ்வி) சேமித்தால் 'யூடிஎஃப்-8' என்று குறிப்பிட்டிருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்; சாதாரண வகையில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இணைப்பதற்கு முன் லென் சார்பை வைத்துத் தெரு, பகுதி நெடுவரிசைகளின் நீளத்தைக் கணக்கிட்டு இறங்குவரிசையில் அடுக்கிப் பாருங்கள். மிக நீளமான ஐந்தாறு முகவரிகள் கட்டத்துக்குள் நின்றால் மற்றவை பற்றிக் கவலையில்லை. லென் தரும் எண் கண்ணால் எண்ணுவதைவிடக் கூடுதலாக இருக்கும். 'கி' அதற்கு இரண்டு. ஒப்பிடுவதற்குத்தானே, பரவாயில்லை.

இணைப்பு

மெயிலிங்ஸ், ஸ்டார்ட் மெயில் மெர்ஜ், லேபிள்ஸ். தாளின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். செலக்ட் ரெசிப்பியன்ட்ஸ் வழியாக எக்செல் கோப்பைக் காட்டுங்கள். எக்செல்லில் சேமிக்காமல் விட்ட திருத்தம் இங்கே வராது. முதல் கட்டத்தில் மட்டும் கர்சரை வைத்து, இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டு வழியாகப் புலங்களை, அதாவது ஒவ்வொரு எக்செல் நெடுவரிசைக்கும் உரிய இடக்குறிகளை, ஒவ்வொரு வரியாக அடுக்குங்கள். 'அட்ரஸ் பிளாக்' என்ற தயார் முகவரி வேண்டாம். அது வேறு நாட்டு முகவரி வரிசையை மனத்தில் வைத்துச் செய்தது, நம் நெடுவரிசைகளோடு பொருத்துவதற்கே நேரம் போய்விடும். எழுத்துரு, அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் இந்த முதல் கட்டத்திலேயே முடித்துவிட்டு 'அப்டேட் லேபிள்ஸ்' அழுத்துங்கள். முதல் கட்டம் மற்ற கட்டங்களுக்கெல்லாம் நகலாகி, இரண்டாவது கட்டத்திலிருந்து ஒவ்வொன்றின் தலையிலும் «நெக்ஸ்ட் ரெக்கார்டு» என்ற குறி நிற்கும்.

அந்தக் குறியைப் புரிந்துகொண்டால் இணைப்பில் வரும் கோளாறுகளில் பாதி தீர்ந்தது. 'அடுத்த ஆளுக்குப் போ' என்பது அதன் பொருள். பக்கத்துக்கு ஒரே ஒரு லேபிள் மட்டும் அச்சாகி மற்றவை காலியாக இருந்தால் அப்டேட் லேபிள்ஸ் அழுத்தவில்லை. ஒரே முகவரி பக்கம் முழுவதும் 21 முறை வந்தால் அந்தக் குறி அழிந்துவிட்டது. முதல் கட்டத்தைக் கையால் நகலெடுத்து ஒட்டியவர்களுக்கு இது நேரும். பட்டியலின் முதல் ஆள் மட்டும் விடுபட்டால் குறி முதல் கட்டத்திலும் நுழைந்திருக்கிறது. பின்னால் முதல் கட்டத்தில் எதை மாற்றினாலும் அப்டேட் லேபிள்ஸை மறுபடி அழுத்த வேண்டும்.

சில முகவரிகளில் 'பகுதி' காலியாக இருக்கும். அந்தப் பத்தியில் அந்த ஒரு புலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் வேர்டு வெற்று வரியைத் தானே விழுங்கிவிடும். புலத்துக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியோ, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியோ இருந்தால் விழுங்காது. ஷிஃப்ட், என்டர் போட்டு வரியை உடைத்திருந்தாலும் அப்படித்தான். முழு என்டர் போடுங்கள். காற்புள்ளி வேண்டுமென்றால் இன்சர்ட், குயிக் பார்ட்ஸ், ஃபீல்டு என்று போய் மெர்ஜ்ஃபீல்டைத் தேர்ந்தெடுத்தால், புலத்துக்கு முன்னாலும் பின்னாலும் சேர்க்க வேண்டிய எழுத்தைக் கேட்கும் பெட்டிகள் வலப்பக்கம் தெரியும். அங்கே கொடுத்த காற்புள்ளி, புலத்தில் ஏதாவது இருந்தால் மட்டுமே வரும்.

முடிவில் நேராகப் பிரிண்டருக்கு அனுப்பாமல் ஃபினிஷ் அண்ட் மெர்ஜ், எடிட் இண்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ் என்று புதிய ஆவணமாக்கிப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மூல ஆவணத்தையும் தனியே சேமித்து வையுங்கள். மறுமுறை திறக்கும்போது எஸ்க்யூஎல் கட்டளை இயங்கப்போவதாக வேர்டு ஓர் எச்சரிக்கை காட்டும். 'யெஸ்' சொன்னால்தான் எக்செல் இணைப்பு உயிரோடு இருக்கும்.

அச்சிடும்போது

கேள்வியில் சொன்ன விலகலுக்கு வருவோம். வெற்றுத் தாளில் ஒரு சோதனை அச்சு போதும். அட்டவணைக்குத் தற்காலிகமாகக் கோடு கொடுத்து அச்சிட்டு, லேபிள் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிசகின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். எல்லா வரிசையும் ஒரே அளவு தள்ளியிருந்தால் ஓரம் தவறு, அல்லது பிரிண்டர் தாளை இழுக்கும் இடம் தவறு. வரிசைக்கு வரிசை பிசகு கூடிக்கொண்டே போனால் பிட்ச் தவறு அல்லது பக்கம் சுருங்கியிருக்கிறது. நடு வரிசை சரியாக இருந்து, மேல் வரிசை கீழிறங்கியும் கீழ் வரிசை மேலேறியும் வந்தால் சந்தேகமே வேண்டாம். பிரிண்டர் பக்கத்தை நடுவை நோக்கிச் சுருக்குகிறது.

சுருக்கத்தைக் கண்டுபிடிக்க வேர்டில் 200 மி.மீ. நீளமான செங்குத்துக் கோடு ஒன்று வரைந்து அச்சிட்டு அளந்து பாருங்கள். 200 வந்தால் பிட்சை மறுபடி அளக்க வேண்டும். 188 வந்தால் ஏ4 பக்கத்தை லெட்டர் தாளின் உயரத்துக்குள் திணித்திருக்கிறது: லெட்டர் தாள் 279.4 மி.மீ., ஏ4 297. விகிதம் 94 விழுக்காடு. இந்தச் சுருக்கம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கலாம். வேர்டின் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, பிரிண்ட் பகுதியில் ஏ4-க்கும் லெட்டருக்கும் இடையே உள்ளடக்கத்தின் அளவை மாற்றும் குறி ஒன்று. பிரிண்டர் டிரைவரில் 'ஃபிட் டு பேஜ்'. பிடிஎஃப் ஆக்கி அச்சிட்டால் அந்தச் செயலியின் 'ஃபிட்'. பிடிஎஃப்பில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 விழுக்காடு என்று வையுங்கள். தட்டில் வைத்த தாள், டிரைவரில் சொன்ன தாள், வேர்டின் தாள் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

'ஓரங்கள் அச்சிடும் பரப்புக்கு வெளியே இருக்கின்றன' என்று வேர்டு எச்சரித்து, சரிசெய்யட்டுமா என்று கேட்கும். 'ஃபிக்ஸ்' அழுத்தாதீர்கள், ஓரத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றி, அளந்து வைத்த எல்லாவற்றையும் நகர்த்திவிடும். 'இக்னோர்' போதும். ஆனால் பிரிண்டரின் எல்லை உண்மையானது. பெரும்பாலான லேசர் பிரிண்டர்களால் தாளின் விளிம்பிலிருந்து சுமார் 4 மி.மீ. வரை அச்சிட முடியாது. ஓரமே இல்லாத 70-க்கு 37 தாளில் இடது நெடுவரிசையின் முதல் எழுத்து பாதியாக வருவது இதனால்தான். அங்கே உள்தள்ளலை 6 மி.மீ. ஆக்க வேண்டும். வாங்கும்போதே சுற்றிலும் ஓரம் உள்ள தாளைப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

ஒரே அளவாகத் தள்ளியிருக்கும் பிசகுக்குப் பக்க அமைப்பில் மேல் ஓரத்தையோ இடது ஓரத்தையோ அதே அளவு கூட்டிக் குறைத்தால் போதும். மேல் ஓரத்தைக் கூட்டியதும் கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்குத் தாவினால் கீழ் ஓரத்தை 0 ஆக்குங்கள். அட்டவணைக்குப் பின்னால் ஒரு பத்தி இருந்தே தீரும் என்பது வேர்டின் விதி; கையால் அமைத்த பக்கங்களில் அது வெற்றுப் பக்கம் ஒன்றைப் பெற்றுப்போடும். அந்தப் பத்தியின் எழுத்தளவையும் வரி இடைவெளியையும் 1 பாயின்ட் ஆக்கினால் அடங்கிவிடும். தாளுக்குத் தாள் ஒரு மி.மீ. ஆடுவது பிரிண்டரின் இயல்பு. அதை எந்த அமைப்பாலும் ஒழிக்க முடியாது. அதனால்தான் சோதனை முடிந்ததும் கோட்டை எடுத்துவிட வேண்டும்: கோடு இருந்தால் அரை மி.மீ. ஆட்டமும் பல்லிளிக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

லேசர் பிரிண்டரில் லேசருக்கான தாளையே போடுங்கள். எழுத்தைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை மிகுந்த சூட்டில் இயங்குகிறது. அதைத் தாங்காத பசை கசிந்து உருளையில் படிந்தால் செலவு லேபிளோடு நிற்காது. டிரைவரில் தாள் வகையை 'லேபிள்ஸ்' ஆக்கி, கைத்தட்டில் வைத்து, பின் கதவு இருந்தால் திறந்து நேராக வெளியே வர விடுங்கள். வளைந்து சுற்றும் பாதையில்தான் லேபிள் உரிகிறது. சில லேபிள்களை உரித்தெடுத்த தாளை மறுபடி லேசரில் விடாதீர்கள். இங்க்ஜெட்டில் அது ஓரளவு பாதுகாப்பு. அப்படிப் பாதித் தாளிலிருந்து தொடங்க வேண்டுமானால், ஒற்றை லேபிளுக்கு வேர்டே வரிசையையும் நெடுவரிசையையும் கேட்கும். இணைப்பில் அந்த வசதி இல்லை. பயன்படுத்திய லேபிள்களின் எண்ணிக்கைக்கு எக்செல்லின் மேலே, பெயரில் ஓர் இடைவெளி மட்டும் தட்டிய போலி வரிசைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சில கட்டங்களின் புலங்களை அழித்து ஒப்பேற்றினால் ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடங்கள் காலியாகப் போகும்.

வேறு செயலிகள்

லிப்ரெஆபிஸ் ரைட்டரில் ஃபைல், நியூ, லேபிள்ஸ். அது அட்டவணைக்குப் பதில் சட்டகங்களைப் பயன்படுத்துகிறது. ஃபார்மேட் தாவலில் அதே பிட்ச் கணக்கு. ஆப்ஷன்ஸ் தாவலில் 'சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்' குறியை முதலிலேயே போட்டுவிடுங்கள். அதுதான் இங்கே அப்டேட் லேபிள்ஸ். எக்செல் அல்லது கால்க் (லிப்ரெஆபிஸின் விரிதாள் செயலி) பட்டியலை முன்கூட்டியே தரவுமூலமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அச்சிடும்போது படிவக் கடிதமாக அச்சிடவா என்று கேட்கும். ஆம் என்றால்தான் பட்டியல் முழுவதும் ஓடும். காலி வரியை மறைக்க 'ஹிடன் பாராகிராஃப்' புலத்தை அந்தப் பத்தியில் வைத்து நிபந்தனை கொடுக்கலாம்.

கூகுள் டாக்ஸில் லேபிள் வசதி இயல்பாக இல்லை, துணைநிரல்தான் வேண்டும். அங்கே அட்டவணையின் வரிசைக்குக் குறைந்தபட்ச உயரம் மட்டுமே கொடுக்க முடியும், உயரத்தைப் பூட்ட முடியாது. வேர்டு வார்ப்புருவை அங்கே ஏற்றித் திருத்தினால் நீளமான முகவரி ஒன்று மொத்தப் பக்கத்தையும் தள்ளிவிடும்.

சுருள் லேபிளில் அச்சிடும் வெப்ப அச்சுப்பொறி இருந்தால் மேலே சொன்ன அட்டவணை எதுவும் தேவையில்லை. பக்க அளவையே லேபிளின் அளவாக்கி, ஓரம் 3 மி.மீ. வைத்து, இணைப்பு வகையில் லேபிள்ஸ் அல்லாமல் 'லெட்டர்ஸ்' தேர்ந்தெடுங்கள். ஒரு முகவரிக்கு ஒரு பக்கம். «நெக்ஸ்ட் ரெக்கார்டு» இருக்கக் கூடாது, இருந்தால் ஆள் விட்டு ஆள் அச்சாகும்.